புகழை நாடாத புதின ஆசிரியை ஜார்ஜெட் ஹேயர்

புதின இலக்கியத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போது சமூகப் புதினம், வரலாற்றுப் புதினம், துப்பறியும் புதினம் என வகைப்படுத்திக் காட்டுகிறோம். காதற் புதினம் என்னும் வகை வரும்போது மட்டும் நம் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. அது பொழுதுபோக்குக்கு உரியது, பெருவாரியாக விற்பனையாவது, ஆகவே ஆய்வுக்கு உரியதன்று என்று ஒரே வரியில் கூறிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுகிறோம். மிகுதியாக விற்பது தரத்தில் குறைந்ததாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் நம்மிடம் மட்டுமன்று, ஆங்கில இலக்கிய உலகிலும் நெடுங்காலமாக வேரூன்றி இருந்தது. அந்த எண்ணத்தின் நிழலிலேயே அரை நூற்றாண்டுக் காலம் எழுதி, பல இலட்சம் வாசகர்களைப் பெற்று, ஆயினும் தம் முகத்தை அவர்களுக்குக் காட்டாமலேயே மறைந்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் ஜார்ஜெட் ஹேயர்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜெட் ஹேயர் 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஹேயரின் பெயரே பெண்பால் வடிவில் மகளுக்குச் சூட்டப்பட்டது. தந்தைவழிப் பாட்டனார் இரசிய நாட்டிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர். தாயார் சில்வியா இசைக் கல்லூரியில் பயின்றவர். செல்லோ, பியானோ ஆகிய கருவிகளில் தேர்ச்சி பெற்றவர். நான்கு ஆண்டு இளையவரான போரிஸ், ஒன்பது ஆண்டு இளையவரான ஃபிராங்க் என ஹேயருக்குத் தம்பியர் இருவர்.

தந்தையார் ஆசிரியப் பணி புரிந்தவர்; எழுத்தில் ஈடுபாடு கொண்டவர்; முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றியவர். பிள்ளைகள் எந்த நூலையும் எடுத்துப் படிக்கலாம் என்னும் உரிமையை அவர் தம் இல்லத்தில் வழங்கியிருந்தார். ஹேயர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். தந்தையாரின் வழிகாட்டலும் ஓயாத வாசிப்புமே அவருக்குக் கல்லூரியாக அமைந்தன. இளமையில் ஜோனா கானன், கரோலா ஓமன் என்னும் இருவர் அவருக்குத் தோழியராயினர். மூவரும் கூடிப் படித்த நூல்களைப் பற்றி உரையாடுவர். பின்னாளில் மூவருமே எழுத்தாளர்களாக விளங்கினர் என்பது நட்பின் பயனுக்கு நல்ல சான்றாகும்.

தம்பிக்காகப் பிறந்த கதை

தம்பி போரிஸ் பிறவியிலேயே ஹீமோஃபீலியா என்னும் நோய்க்கு ஆட்பட்டவர். உடலில் காயம் பட்டால் குருதி எளிதில் உறையாது என்பதே அந்நோயின் இயல்பு. ஆதலால் ஏனைய சிறுவரைப்போல ஓடி ஆடித் திரிய இயலாமல் படுக்கையில் கிடக்க வேண்டிய நாள்கள் அவருக்கு மிகுதியாக வாய்த்தன. தம்பியின் சோர்வைப் போக்கவேண்டும் என்னும் எண்ணத்தால் பதினேழு வயது அக்காள் நாள்தோறும் ஒரு கதையைத் தொடராகச் சொல்லத் தொடங்கினார். தம்பி செய்த சூதாட்டக் குற்றத்தைத் தன்மீது ஏற்றுக்கொண்டு, வீட்டைத் துறந்து, வழிப்பறிக்காரனாகத் திரியும் ஓர் உயர்குடி இளைஞனின் கதை அது. நோயுற்ற தம்பிக்குச் சொன்ன கதை, தம்பிக்காகப் பழி சுமந்த அண்ணனின் கதையாக அமைந்தது எண்ணி மகிழத்தக்கது.

அக்கதையைக் கேட்ட தந்தையார் அதனை நூலாக்குமாறு ஊக்கினார். 'கறுப்பு விட்டில்' என்று பொருள்படும் 'தி பிளாக் மாத்' என்னும் அப்புதினம் 1921ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது ஹேயருக்கு வயது பத்தொன்பது. இன்றைக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகியும் அந்நூல் அச்சில் இருந்து வருகிறது. பணத்தையோ புகழையோ எண்ணாமல், ஒரு தம்பியின் முகத்தில் புன்னகையைக் காணும்பொருட்டுப் பிறந்த கதை அது என்பதை நம் மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

குடும்பச் சுமை

1920ஆம் ஆண்டில் ரொனால்ட் ரூஜியர் என்னும் சுரங்கப் பொறியியல் மாணவரை ஹேயர் சந்தித்தார். ஐந்தாண்டு நட்புக்குப் பின்னர் 1925இல் இருவருக்கும் திருமணம் உறுதி செய்யப்பட்டது. அந்த மகிழ்ச்சி நீடித்தது ஒரு திங்களே. வருங்கால மருமகனுடன் டென்னிஸ் ஆடி முடித்த தந்தையார் மாரடைப்பால் மறைந்தார். முதல் வாசகராகவும் முதல் ஆசானாகவும் இருந்த தந்தையாரின் இழப்பு ஹேயரை ஆழமாகத் தாக்கியது. அடுத்து வந்த ஆகஸ்டுத் திங்களில் திருமணம் எளிய முறையில் நடைபெற்றது.

தந்தையார் ஓய்வூதியம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. இளைய தம்பியர் இருவரின் பொறுப்பும் இருபத்திரண்டு வயது மகளின் தோள்மீது விழுந்தது. அதுவரை விருப்பத்திற்காக எழுதியவர் அன்று முதல் குடும்பத்தைக் காக்கவும் எழுத வேண்டியவரானார். அவர் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் ஒரு நூல், சில ஆண்டுகளில் இரண்டு நூல்கள் என விடாது எழுதியதன் காரணம் இங்கேதான் தொடங்குகிறது. அதனைப் பணத்தாசை என்று கூறுவது பொருந்தாது. கைத்தொழில் அறிந்த ஒருவர் அத்தொழிலால் தம் குடும்பத்தைத் தாங்கினார் என்று கொள்வதே நேர்மையாகும்.

விளம்பரமின்றி விற்ற நூல்

பொது வேலைநிறுத்தத்தால் இங்கிலாந்து தத்தளித்த ஆண்டு 1926. அவ்வாண்டில்தான் ஹேயரின் 'தீஸ் ஓல்டு ஷேட்ஸ்' என்னும் புதினம் வெளிவந்தது. அன்றைய குழப்பமான சூழலில் அந்நூலுக்கு விளம்பரமும் இல்லை, மதிப்புரையும் இல்லை. ஆயினும் படித்தவர் ஒருவர் மற்றொருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, 1,90,000 பிரதிகள் விற்பனையாயின.

இந்நிகழ்ச்சி அவருடைய வாழ்க்கைப் போக்கையே வகுத்துவிட்டது. நூல் தன் காலில் தானே நிற்கும் என்றால் ஆசிரியர் மேடையேறி நிற்க வேண்டிய தேவை என்ன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் எந்தச் செய்தியாளருக்கும் அவர் பேட்டி அளிக்கவில்லை. தம் சொந்த வாழ்க்கையைப் பற்றி வாசகர் அறிய வேண்டியவை அனைத்தும் தம் நூல்களிலேயே உள்ளன என்பது அவர் கொள்கை. வீட்டில் அவர் திருமதி ரூஜியர். நூலின் அட்டையில் ஜார்ஜெட் ஹேயர். இரண்டும் ஒருவரே என்பதை அவர் மறைந்தபின் வெளிவந்த இரங்கற் குறிப்புகளின் வாயிலாகவே வாசகர் பலர் அறிந்துகொண்டனர்.

புல்வேய்ந்த குடிலில் எழுதிய புதினம்

கணவர் சுரங்கப் பணியின் பொருட்டுக் காக்கசஸ் மலைப்பகுதிக்கும், பின்னர் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவுக்கும் அனுப்பப்பட்டார். 1927ஆம் ஆண்டில் ஹேயரும் டாங்கனிக்கா சென்று கணவருடன் தங்கினார். காட்டின் நடுவே யானைப்புல்லால் வேய்ந்த குடிலே அவர்களின் இல்லம். அங்கு அமர்ந்துதான் 1745ஆம் ஆண்டு இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட 'தி மாஸ்கரேடர்ஸ்' என்னும் புதினத்தை எழுதினார். அவருடைய நூல்களும் குறிப்புகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே இருந்தன. இருந்தும் அப்புதினத்தில் காலப்பிழை என்று ஆய்வாளர் சுட்டியது ஒன்றே ஒன்றுதான். இலண்டனின் புகழ்பெற்ற மன்றம் ஒன்று தொடங்கப்பட்டதை அவர் ஓராண்டு முன்னதாகக் குறித்துவிட்டார். கைவசம் நூலின்றி, நினைவின் துணைகொண்டு எழுதிய ஒருவருக்கு இது பெரும் பாராட்டேயாகும்.

1928இல் கணவருடன் மாசிடோனியா சென்றபோது, பல் மருத்துவத்தின் பொருட்டு முறைதவறிச் செலுத்தப்பட்ட மயக்க மருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. அடுத்த ஆண்டு இருவரும் இங்கிலாந்து திரும்பினர். கணவர் தொடங்கிய தொழில் நிலைக்கவில்லை. உறவினரிடம் கடன் பெற்று ஹார்ஷம் என்னும் ஊரில் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றை வாங்கி நடத்தினர். தம்பி போரிஸ் கடையின் மாடியிலேயே தங்கி உதவினார். ஆனாலும் வீட்டின் வருவாய்க்கு நிலையான ஊற்றாக இருந்தது ஹேயரின் எழுதுகோலே. 1932இல் ஒரே மகன் ரிச்சர்டு பிறந்தார். அதன்பின் ஆண்டுக்கு ஒரு காதற் புதினமும் ஒரு துப்பறியும் புதினமும் எழுதுவதை அவர் வழக்கமாகக் கொண்டார்.

கணவருக்கு வழக்கறிஞராக வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். மனைவியின் எழுத்து வருவாய் தந்த துணிவால் அவர் சட்டம் பயின்று 1939இல் வழக்கறிஞரானார். துப்பறியும் புதினங்களில் கொலை எவ்வாறு நிகழ்ந்தது என்னும் அடிப்படையை அவரே வகுத்துக் கொடுப்பார். பாத்திரங்களையும் உரையாடலையும் ஹேயர் படைப்பார். ஒருவர் கனவை மற்றொருவர் தாங்கிய இல்லறம் அது. மகனும் தந்தையாரைப் பின்பற்றிச் சட்டம் பயின்று, பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார்.

ரீஜென்சிக் காலம்

1811 முதல் 1820 வரையிலான காலத்தை ஆங்கிலேயர் ரீஜென்சிக் காலம் என்பர். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியதால் அவருடைய மகன் அரசப் பதிலாளராக இருந்து ஆட்சி நடத்திய காலம் அது. ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் புதினங்கள் வெளிவந்ததும் அக்காலத்திலேயாகும். ஆஸ்டின் தம் காலத்தைத் தாமே கண்டு எழுதினார். ஹேயரோ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னிருந்து அக்காலத்தை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 1935இல் வெளிவந்த 'ரீஜென்சி பக்' அவ்வரிசையில் முதல் நூல். ரீஜென்சிக் காதற் புதினம் என இன்று ஆங்கிலத்தில் ஒரு தனி வகையே விளங்குகிறது. அவ்வகையைத் தோற்றுவித்தவர் ஹேயரே என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்கின்றனர்.

இதற்காக அவர் மேற்கொண்ட உழைப்பு ஆய்வு மாணவர்க்கும் பாடமாகத்தக்கது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்று நூல்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். ஆடை, தொப்பி, வீட்டுப் பொருள், விலைவாசி, கடைகள் எனத் தலைப்பு வாரியாகக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். மெழுகுவத்தி என்ன விலைக்கு விற்றது, ஒரு குதிரை வண்டி எத்தனை நாழிகையில் எவ்வூரை அடைந்தது, கொச்சை மொழியில் இளைஞர் எவ்வாறு பேசிக்கொண்டனர் என்பனவற்றையெல்லாம் தேடித் தேடித் திரட்டினார். நார்மண்டி மன்னன் வில்லியமைப் பற்றி 1931இல் எழுதியபோது, அம்மன்னன் இங்கிலாந்துக்கு வந்த வழியிலேயே தாமும் பயணம் செய்து பார்த்தார்.

இவ்வுழைப்பின் உச்சம் 1937இல் வெளிவந்த 'ஆன் இன்ஃபமஸ் ஆர்மி' என்னும் புதினம். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நிகழ்ந்த வாட்டர்லூப் போரை அது விரிவாகச் சித்திரிக்கிறது. வெல்லிங்டன் பிரபு பேசுவதாக அதில் வரும் சொற்கள் அனைத்தும் அவர் உண்மையில் பேசியவையோ எழுதியவையோதாம் என்று ஹேயர் உறுதி கூறினார். அப்பிரபுவின் கடிதம் ஒன்றை விலைகொடுத்து வாங்கி அவருடைய நடையைப் பயின்றார். சேண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் வாட்டர்லூப் போரைக் கற்பிக்கும்போது இப்புதினம் எடுத்துக்காட்டப்பட்டது என்பர். காதற் கதை எழுதுபவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரின் நூல் படைவீரர்களின் வகுப்பறையை எட்டியது வியப்புக்குரியதன்றோ!

காதலும் கடமையும்

ஹேயரின் காதற் புதினங்களில் வரம்பு மீறிய வருணனைகள் இல்லை. நகைச்சுவை மிளிரும் உரையாடலும், குடும்பங்களின் மானப் பிரச்சினைகளும், கடனும் சொத்தும் உறவும் பின்னிய சிக்கல்களுமே அவற்றில் நிறைந்துள்ளன. இவற்றுள் 1961இல் வெளிவந்த 'எ சிவில் கான்ட்ராக்ட்' என்னும் புதினத்தைச் சற்று விரிவாகக் காட்ட விரும்புகிறோம்.

ஆடம் என்னும் இளம் பிரபு போர்க்களத்திலிருந்து திரும்புகிறான். இறந்த தந்தை விட்டுச் சென்றது கடன் மட்டுமே. பரம்பரை வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் செல்வ வணிகர் ஒருவரின் மகளை மணக்க வேண்டும். அவன் உள்ளமோ அழகி ஒருத்தியை நாடியது. கடமையை எண்ணி வணிகரின் மகள் ஜென்னியை மணக்கிறான். ஜென்னி அழகியல்லள், ஆனால் நெடுநாளாக அவனை மனத்தில் வைத்திருந்தவள். அவனுக்குப் பிடித்த உணவு எது, எந்த அறையில் எந்த நேரத்தில் அவன் அமைதியை விரும்புவான் என்பனவற்றை அறிந்து வீட்டை நடத்துகிறாள். கதையின் முடிவில் பெரிய காதற் காட்சி எதுவும் இல்லை. தன் வாழ்க்கைக்கு ஆதாரமாக இருப்பவள் இவளே என்னும் தெளிவு மட்டும் அவனுக்கு உண்டாகிறது. தலைப்புக்குக் குடிமை ஒப்பந்தம் என்று பொருள். திருமணத்தை ஓர் ஒப்பந்தமாகக் கருதும் மரபை அறிந்தவர்களும், பெரியோர் பேசி முடித்த திருமணங்களில் அன்பு மெல்ல முளைத்து வளர்வதைக் கண்டவர்களுமாகிய நம் வாசகர்க்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

எழுத நினைத்த நூல்

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் இரயில் போக்குவரத்து சீர்குலைந்தது. கணவரின் பணியின் பொருட்டு 1942இல் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. காகிதத் தட்டுப்பாடு நிலவிய அந்நாள்களில், ஹைன்மன் பதிப்பகத்திற்கு வரும் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துரைக்கும் வேலையையும் ஹேயர் ஏற்றார். ஒரு படிக்கு இரண்டு கினி ஊதியம். துப்பறியும் நூல்கள் பதினாறாயிரம் பிரதிகள் அளவில் விற்றபோது, காதற் புதினங்கள் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் பிரதிகளைத் தாண்டின. எனவே வாசகரும் பதிப்பாளரும் மேலும் மேலும் காதற் புதினங்களையே கேட்டனர்.

ஆனால் அவருடைய உள்ளம் வேறொன்றை நாடியிருந்தது. லங்காஸ்டர் அரச மரபின் 1393 முதல் 1435 வரையிலான வரலாற்றை மூன்று பாகங்களாக எழுத வேண்டும் என்பது அவர் பேரவா. தம் வாழ்நாளின் தலைசிறந்த படைப்பாக அதனை எண்ணி 1950இல் பணியைத் தொடங்கினார். ஐந்தாண்டில் முடிப்பதாகத் திட்டமிட்டார். ஆயினும் வருமான வரி நெருக்கியது. வாசகர் அடுத்த புதினத்திற்குக் காத்திருந்தனர். வரி கட்ட ஒரு புதினம், அதன் வருவாய்க்கு உரிய வரியைக் கட்ட மற்றொரு புதினம் என ஆண்டுகள் ஓடின. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தபோது முதல் பாகம்கூட நிறைவு பெறவில்லை. எஞ்சிய கையெழுத்துப் படி 'மை லார்டு ஜான்' என்னும் பெயரில் 1975இல் வெளிவந்தது. விற்பனையின் வெற்றி ஓர் எழுத்தாளரைச் சிறைப்படுத்தவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 1966இல் தம் பதினேழு நூல்களின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தைப் புக்கர் மெக்கானல் என்னும் வணிக நிறுவனத்திற்குச் சுமார் 85,000 பவுனுக்கு அவர் விற்றார். அந்நிறுவனம் அகதா கிறிஸ்டி, இயான் ஃபிளெமிங் போன்ற வெகுமக்கள் எழுத்தாளர்களின் நூலுரிமைகளையும் கொண்டிருந்தது. அதே நிறுவனம்தான் 1969 முதல் உயர் இலக்கியத்திற்கெனப் புக்கர் பரிசை வழங்கத் தொடங்கியது. உயர் இலக்கியத்திற்குப் பரிசளித்த கையில் வெகுமக்கள் இலக்கியம் ஈட்டிய பணமும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு கடிதம்

வாசகர் கடிதங்களை ஹேயர் பொதுவாகச் சேர்த்து வைப்பதில்லை. ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் பாதுகாத்து வைத்திருந்தார். ருமேனியா நாட்டில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த பெண்மணி ஒருவர் எழுதியது அது. 1944இல் வெளிவந்த 'ஃபிரைடேஸ் சைல்டு' என்னும் புதினத்தின் கதையை உடனிருந்த கைதிகளுக்கு மீண்டும் மீண்டும் சொல்லி, அதன் வாயிலாகத் தாமும் அவர்களும் மனம் தளராமல் அந்நாள்களைக் கடந்ததாக அவர் தெரிவித்திருந்தார். நோயுற்ற தம்பிக்குக் கதை சொல்லித் தொடங்கிய வாழ்க்கை, சிறையிருந்த பெண்களுக்குத் துணையாகியது. பொழுதுபோக்கு என்னும் சொல்லை இனி எளிதாக உச்சரிக்க நமக்கு மனம் வருமா?

ஒரு குறை

ஒருவரைப் போற்றும்போது அவர்தம் குறையை மறைப்பது நடுவுநிலைமை ஆகாது. 1950இல் வெளிவந்த 'தி கிராண்ட் சோஃபி' என்னும் புதினத்தில் கோல்டுஹேங்கர் என்னும் வட்டிக்காரன் வருகிறான். அவன் யூதன். தோற்றம், பேச்சு, குணம் என அனைத்திலும் ஓர் இனத்தாரைப் பற்றிய பழைய வெறுப்பையே ஹேயர் அப்பாத்திரத்தில் வடித்துள்ளார். ஐரோப்பாவில் அவ்வினத்தார் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. விலைவாசியையும் தொப்பியின் வடிவையும் நூல் பல புரட்டிச் சரிபார்த்தவர், ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றிய செய்தியை மட்டும் சரிபார்க்காமல் கேட்டபடியே எழுதிவிட்டார். 2023இல் அமெரிக்காவில் வெளிவந்த பதிப்பில் அப்பகுதிகள் திருத்தப்பட்டன. திருத்தியது முறையா என்னும் விவாதமும் எழுந்தது. கதைகளில் ஒரு சமூகத்தார் எப்போதும் ஒரே வார்ப்பில் காட்டப்படுவதன் வேதனையை எந்தச் சிறுபான்மையினரும் அறிவர். ஆகவே இக்குறையைச் சுட்டுவது நம் கடமையாகிறது.

இறுதி நாள்களும் பின்வந்த மதிப்பும்

பல்லாண்டுக் காலம் ஓயாது புகைத்தமையால் ஹேயரின் உடல்நலம் கெட்டது. 1972இல் 'லேடி ஆஃப் குவாலிட்டி' என்னும் இறுதிப் புதினம் வெளிவந்தது. 1973 ஜூலையில் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் சில திங்களில் தம்பி போரிஸ் மறைந்தார். எந்தத் தம்பிக்காக முதற்கதையைச் சொன்னாரோ அந்தத் தம்பியின் இறுதிச் சடங்குக்குச் செல்லவும் அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. 1974ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால் தமது 71ஆம் வயதில் அவர் காலமானார். அப்போது அவருடைய நூல்களுள் 48 அச்சில் இருந்தன.

வாழ்ந்த காலத்தில் ஆங்கிலத் திறனாய்வாளர்கள் அவருடைய காதற் புதினங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. துப்பறியும் நூல்கள் இரண்டிற்கு டோரதி சேயர்ஸ் அம்மையார் எழுதிய மதிப்புரைகள் விதிவிலக்காகும். 1969இல் ஏ. எஸ். பையட் என்னும் இளம் எழுத்தாளர் ஹேயரின் கலைத்திறனை முறையாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதே பையட் 1990இல் 'பொசஷன்' என்னும் புதினத்திற்காகப் புக்கர் பரிசு பெற்றார். ஜேன் ஐக்கன் ஹாட்ஜ் 1984இலும், ஜெனிஃபர் குளோஸ்டர் 2011இலும் ஹேயரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினர். 2015இல் விம்பிள்டனில் அவர் பிறந்த இல்லத்தில் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. முகத்தை மறைத்து வாழ்ந்தவரின் பெயரை இன்று தெருவில் நடப்போரும் காண்கின்றனர்.

நாம் கொள்ள வேண்டுவது

இவ்வாழ்க்கையிலிருந்து நம் மாணவர்கள் கொள்ளத்தக்கவை சில உண்டு. எழுத்து எவ்வகையைச் சார்ந்தது என்பதைவிட, அதன் பின்னால் எவ்வளவு உழைப்பு உள்ளது என்பதை நோக்குதல் வேண்டும். உழைப்பு மட்டும் போதாது. பிற மக்களைப் பற்றி எழுதும்போது உண்மையும் இரக்கமும் வேண்டும். குடும்பத்தைத் தாங்குவது பெரும்பணிதான். எனினும் உள்ளத்தில் ஒரு நூலைச் சுமந்திருப்பவர் அதனை நாளைக்கு என்று ஒத்திவைக்காமல் நாள்தோறும் ஒரு பக்கமாவது எழுதி வைத்தல் நன்று.

நம் தமிழிலும் பெருவாரியான மக்கள் விரும்பிப் படித்த புதின ஆசிரியர்கள் பலர் உளர். வார இதழ்களிலும் மலிவுப் பதிப்புகளிலும் வெளிவந்த அவர்தம் படைப்புகள் பழுப்பேறிய தாள்களாய்ப் பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவ மாணவியர் அவற்றை ஒருமுறை இறக்கித் தூசு தட்டிப் படித்துப் பார்ப்பார்களாக. குறையைக் குறையென்றும் நிறையை நிறையென்றும் எடுத்துக்கூற அவர்கள் முன்வருவார்களாயின், இக்கட்டுரையை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.